நெஞ்சுக்குச் சேதி

கிளட்சிலிருந்து வெடுக்கென்று காலை எடுத்ததில் கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோனது. வாழ்நாளில் பாதியைக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே கழித்தவர் மாஸ்டர். துள்ளல் அவருக்குப் புதிதில்லை. பக்கத்தில் இருப்பது சொந்த மனைவி என்பதுதான் புதிது. ஊரார் பிள்ளைகளிடம் தேனாய்ப் பேசுகிற வாய் இவளிடம் கடுகாய்ப் பொரிந்தது.

“நீங்க சும்மா இருந்தாலே நான் ஓட்டிடுவேன்” என்றாள் அவள்.

அவளுக்கு வண்டி ஓட்டும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. போன வருடம் அவருடைய இதயம் கைவிட்டபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் வாசலுக்கும் கூடத்துக்கும் அலைந்தாள். கார் வாசலிலேயே நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கத்தான் ஆளில்லை. பிறகு யாரோ முகம் தெரியாத ஒருவரின் இதயத்தை வைத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “எனக்கும் கத்துக்கொடுங்க.”

புது இதயத்தைப் பற்றி டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கழுத்து தொடங்குமிடத்தில், மூளையின் அடித்தண்டில்தான் இதயத்துக்கு மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறானாம். ரத்த அழுத்தம் இறங்கினால் முடுக்குவான், ஏறினால் அடக்குவான், பயம் வந்தால் விரட்டுவான். எல்லாம் நரம்பு வழியாக, கண்மூடித் திறப்பதற்குள். இதயத்தை மாற்றும்போது அந்த நரம்புகளை வெட்டித்தான் ஆக வேண்டும்.

“அப்ப ஆக்ஸிலேட்டர் ஒயரும் இல்ல, பிரேக் ஒயரும் இல்ல. இன்ஜின் மட்டும் தன்னால ஓடுது” என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரித்துவிட்டார். “முழுசா அப்படி இல்லீங்க. பயந்தா ரத்தத்துல ஒரு சுரப்பு கலக்கும். அது மெதுவா வந்து சொல்லும். அதனால படக்குனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும்.”

எழுந்திருக்கிற விஷயத்தை மட்டும் அவர் வீட்டில் சொன்னார். மற்றதைத் தனக்குள்ளேயே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் லாரிக்கு அடியில் கொண்டுபோய் விடப் பார்க்கும்போது அவர் கால் தன்பக்கத்து பிரேக்கை அழுத்திவிடும். நெஞ்சு மட்டும் சுவர்க் கடிகாரம்போல் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். மாஸ்டருக்கு நெஞ்சில் கல் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்கோ வேறு யோசனை. நெஞ்சு அறியாத பயம் பயம்தானா, இல்லை வெறும் தகவலா?

கடைவீதியைத் தாண்டி இரண்டாவது வளைவில் அது நடந்தது. சைக்கிளில் நீள ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு போன பெயின்டர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே ஒடித்தார். மனைவி கையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மாஸ்டர் தன்பக்கத்து பிரேக்கை மிதித்தார். ஏணியின் நுனி கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“பாத்து வாங்கம்மா” என்று பெயின்டர் அவளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் வண்டியை ஓரம் தள்ளி நிறுத்தச் செய்தார். அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. அவர் பாட்டிலைத் திறந்து நீட்டிய கையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

“உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா? அன்னிக்கும் இப்படித்தான். நம்ம பையன் வண்டியில இருந்து விழுந்து கை தொங்கிக்கிட்டு வந்து நிக்கிறான், நீங்க பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிக்கிறீங்க. எனக்கு அன்னிக்கே தோணுச்சு…”

“என்ன தோணுச்சு?”

“ஆஸ்பத்திரியில இருந்து வேற யாரையோ கூட்டிட்டு வந்துட்டேன்னு.”

அவர் அவள் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார்.

“கொஞ்சம் இரு.”

இருவரும் காத்திருந்தார்கள். பஸ் ஒன்று போனது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கினாள். நடுக்கம் நின்றுவிட்டது. அப்போதுதான் விரலடியில் ஏதோ மாறியது. நாடி மெல்ல முடுக்கம் பிடித்து, பிறகு குதிக்கத் தொடங்கியது. அவள் சட்டென்று நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

“இப்ப எதுக்கு இப்படி அடிக்குது?”

“அந்த ஏணிக்கு.”

“அது போயி எவ்வளவு நேரமாச்சு.”

“இதுக்கு இப்பத்தான் தெரியும்.” டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் சொன்னார்.

அவள் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப பையன் விழுந்த அன்னிக்கு?”

“பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு உக்காந்திருந்தேன். கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்தேன்.”

“ஏங்க சொல்லல?”

“அதுக்குள்ள நீங்கள்லாம் அழுது முடிச்சிட்டீங்க. அப்புறம் வந்து நான் என்னன்னு சொல்றது.”

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி நிதானமாக நகர்ந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தபோது அவள் இண்டிகேட்டரைப் போடவில்லை, நேரே விட்டாள். அவரும் கேட்கவில்லை. ஏறத் தாமதமாகிற படபடப்பு இறங்கவும் தாமதமாகும். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் எல்லைக்கு வெளியே சாலை அகலமானது. அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொன்று துழாவி வந்து அவர் மணிக்கட்டைப் பற்றியது. வேறு மாணவராக இருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டு, ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் என்று அதட்டியிருப்பார். கண்ணாடிக்கு அப்பால் நீளமாக, வெறுமையாக, வெயிலில் சாலை கிடந்தது.