வைத்தீஸ்வரனின் இடது தோள்

பாலிகஞ்ச் வைத்தீஸ்வரனின் இடது தோளில் ஆர்க்கிட் செடி வேர் பிடித்தது ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழே முக்காலுக்கு. அன்று கரியாஹாட் சந்தையில் கத்திரிக்காய் கிலோ எழுபது ரூபாய். இலிஷ் மீன் விலையைக் கேட்டவர்கள் கேட்டதோடு நடையைக் கட்டினார்கள். தோல் கிழியவில்லை, ரத்தம் வரவில்லை. விரல் நீளமே இருந்த இரண்டு வேர்கள் ஒரு நாழிகைக்குள் முழ நீளம் வளர்ந்து, தோள்பட்டையைச் சுற்றி வளைந்து, மினிபஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் போலக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். கீழ்வீட்டு வங்காளி அம்மாள் தத்தா பௌதி மாடிப்படியில் பார்த்துவிட்டு, துர்கா பூஜைக்குள் பூத்துவிடுமா என்று மட்டும் கேட்டார். அந்தத் தெருவில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் கிடையாது. அபிப்பிராயம் சொல்லத்தான் நேரம் உண்டு.

வைத்தீஸ்வரன் தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சிட்டிகை இலையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, எந்தத் தோட்டம், எந்த மாதம், மழைக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார். வாங்குகிறவன் முகம் சுளித்தாலும் விற்கிறவன் தலையில் அடித்துக்கொண்டாலும் அசையமாட்டார். அவருடைய மனைவி ஜெயப்ரியா பாடகி. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம், நவராத்திரி, தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா எதுவானாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான் போகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு ஆபரேஷன் நடந்தது. உயிருக்குக் குறை ஒன்றும் வரவில்லை, குரல் மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் மரக்கதவு நகர்கிற மாதிரி ஒரு சத்தம். அழைப்புகள் ஒரே வருஷத்தில் நின்றன. சுருதிப் பெட்டி கூடத்திலிருந்து பரணுக்குப் போனது. யார் ஏற்றினார்கள் என்ற பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை.

சென்ற ஜனவரியில் ஜெயப்ரியா ஒரு செடிக் கண்காட்சியிலிருந்து அந்த ஆர்க்கிட்டை வாங்கி வந்தாள். வெள்ளைப் பூ ஐந்து, நடுவில் மஞ்சள். மார்ச் மாதம், தம்பி ராகவ் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஜாம்ஷெட்பூர் கிளம்பினாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் வைத்தீஸ்வரன் பேசிச் சரிக்கட்டியிருப்பார். அவள் போகும்போது சொன்னது இரண்டே விஷயம். "வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மட்டும் தண்ணி காட்டுங்க. மத்த நாள் கிட்டப் போகாதீங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்று இன்னொன்று: "புது இலை விட்டா சொல்லுங்க. வந்துடறேன்." பத்து நாள் என்பது அப்படித்தான் ஒரு இலையாக மாறியது. வைத்தீஸ்வரனுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அவர் பூர்வீகம் மாயவரத்துப் பக்கம். அப்பா வழியாக வந்த ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் காலையில் அரை டம்ளர் பாலும் ஒரு சொம்புத் தண்ணீரும் அபிஷேகம் செய்வார். அபிஷேகத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. செடியின் அடியில்தான் ஊற்ற வேண்டும். ஜெயப்ரியா இருந்தவரை அவள் அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மொட்டை மாடியிலிருந்த துளசிக்கு ஊற்றுவாள். லிஃப்ட் அதுவரை போகாது. அவள் கிளம்பிய மறுநாளே வைத்தீஸ்வரனுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அதே முழங்கால்தான் தினமும் ரவீந்திர சரோபர் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு செடி இருக்கும்போது மாடி எதற்கு? ஆர்க்கிட் தொட்டியில் தினமும் ஊற்றினார். சாமி தீர்த்தம், கெடுதலா செய்யும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சமாதானம் சொல்கிறார் என்றால், யாரிடம் சொல்கிறார் என்பது வெளிப்படை.

ஏப்ரலில் ஐந்து பூவும் உதிர்ந்தன. பூத்து முடிந்த ஆர்க்கிட் பூவை உதிர்ப்பது இயற்கை; அதற்குப் பிறகுதான் அது வேரும் இலையுமாக அடுத்த வருஷத்துக்குத் தயாராகும். வைத்தீஸ்வரனுக்கு அது தெரியாது. பூ போனதும் கடை மூடியாகிவிட்டது என்று முடிவு கட்டி, தொட்டியைக் கூடத்து ஜன்னலிலிருந்து எடுத்து, பின்கட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தார். தீர்த்தம் மட்டும் தவறாமல் அங்கேயும் போனது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெயப்ரியா போன் செய்வாள்.

"பூ இருக்கா?"

"இருக்கே. அஞ்சும் இருக்கு."

அவள் இருந்தபோது எடுத்த படங்களில் நாளுக்கொன்றாக அனுப்பி வைத்தார். படத்துக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் பிப்ரவரி காட்டிக்கொண்டிருந்தது. ஏலத்தில் எதிராளியின் இமை துடிப்பதைக்கூடக் கவனிக்கிற மனிதர் அதைக் கவனிக்கவில்லை. "நல்ல பூ," என்று மட்டும் அவள் சொல்வாள்.

ஜூன் மாதம் பின்கட்டில் நாற்றம் எடுத்தது. இலைகள் பழைய தோல் பர்ஸ் மாதிரிச் சுருங்கித் தொங்கின. முப்பத்து நான்கு வருஷம் இலையைப் பார்த்து விலை சொன்ன கை, தன் வீட்டு இலை சாவதைப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கரியாஹாட்டில் செடி விற்கிற மினதி மாசியிடம் போனார். அவள் பிடுங்கி, மோந்து பார்த்தாள். மாசி என்றால் சித்தி; அந்தச் சித்திக்கு எல்லா ஆண்களும் தாதா, அதாவது அண்ணன்.

"தாதா, இது மரத்து மேல உக்காந்து காத்தைக் குடிக்கற ஜாதி. இதுக்குப் பாலா ஊத்தினீங்க? குழந்தைன்னு நெனச்சீங்களா?"

"சாமி தீர்த்தம்…"

"சாமி குடிக்கட்டும். வேர் ஏன் குடிக்கணும்?"

அவள் சொன்னபடி வீட்டில் கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, கறுத்துக் கொழகொழத்த வேர்களையெல்லாம் வெட்டினார். வெட்டிய இடத்தில் சமையலறையிலிருந்த லவங்கப்பட்டைப் பொடியைத் தடவினார். காய்ந்த பூந்தண்டை நறுக்கினார். பதினேழு வேரில் மிஞ்சியது இரண்டு. மரப்பட்டையும் கரித்துண்டும் போட்ட புதுத் தொட்டியில் அது நிற்கவில்லை. பிடிக்க வேர் போதாமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. எதிரே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடம் ஜன்னல் வெளிச்சத்தை முக்கால்வாசி மறைத்துவிட்டிருந்தது. பால்கனியின் ஒரு மூலையில் மட்டும், ஏழிலிருந்து எட்டு வரை, ஒரு ஆளின் தோள் உயரத்துக்கு மெல்லிய வெயில் வரும். வைத்தீஸ்வரன் மேல்சட்டை இல்லாமல் அங்கே போய், செடியை இடது தோளில் வைத்துக் கையால் தாங்கிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் நின்றார். இருபத்தாறாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை. இறக்கப் பார்த்தார், வரவில்லை.

தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது உறிஞ்சவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றார். இழுத்தால் வேர் அறும், செடி போய்விடும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வைத்தீஸ்வரன் எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு அவர் வாழ்க்கை தோளை ஒட்டி அமைந்தது. தையல்காரர் இடது பக்கம் திறந்த ஜிப்பாக்கள் தைத்துக் கொடுத்தார். ஆட்டோவில் அவருக்கு இடது ஓரம் ஒதுக்கப்பட்டது. மினிபஸ் கண்டக்டர், "பூ-தாதா ஏறுறார், இடது பக்கம் இடிக்காதீங்க" என்று வங்காள மொழியில் கூவுவார். பாத்ர மாதத்து, நம் ஆவணிப் புழுக்கத்து, வியர்வையில் வேர்கள் பச்சையாகும். மின்விசிறிக் காற்றில் வெள்ளியாகும். இலைகள் கொஞ்சம் நிமிர்ந்தன. புது இலை மட்டும் வரவில்லை.

வேருக்கு ஒரு குணம் இருந்தது. அவர் பொய் சொன்னால் இறுக்கும். முதலில் வாய்வுப் பிடிப்பு என்று நினைத்தார். சங்கத்துச் செயலாளர் வீரராகவன் காப்பிக் கடையில் வைத்து, "என்ன சார், வேண்டுதலா?" என்று கேட்க, "ஆமா, குலதெய்வத்துக்கு" என்று இவர் சொல்ல, தோள் இறுகிய இறுக்கில் டம்ளர் கைநழுவிக் காப்பி முழுக்க வீரராகவனின் வேட்டியில் கொட்டியது. சாயங்காலம் ஆறு மணிக்கு "அஞ்சும் இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். அப்படியும் இரண்டு மாதம் சொன்னார். மறைக்கப் பழகிய வாய் வலிக்குச் சீக்கிரம் பயப்படாது.

மகாளய பட்சத்தில் ஒரு நாள், பூ இருக்கா என்று அவள் கேட்டதும், வைத்தீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இல்ல ஜெயா. சித்திரையிலேயே உதிர்ந்திருச்சு. நான் தினமும் அபிஷேகத் தண்ணிய ஊத்தி வேர அழுக வச்சுட்டேன். மாடி ஏறச் சோம்பல். முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

"எப்படி?"

"எந்தப் பூங்க ஏழு மாசம் நிக்கும்? அதோட எல்லாப் படத்துலயும் பிப்ரவரி."

வேர் கொஞ்சம் தளர்ந்தது. முழுக்கத் தளரவில்லை. அவருக்கு ஏன் என்று தெரிந்தது. ஒன்பது வருஷமாகத் தெரியும்.

"சுருதிப் பெட்டிய பரண்ல ஏத்தினது நான்தான்."

மறுமுனையில் ராகவ் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அதுவும் தெரியும். நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே ஏத்திட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு…" என்று ஆரம்பித்தார். தோள் இறுகியது. நிறுத்தினார். "இல்ல. எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. குரல் போனதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இந்தச் செடியையும் அப்படித்தான் வாஷிங் மெஷின் பக்கம் வச்சேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் காலை, பால்கனியில் வெயில் வந்தபோது, இரண்டு பழைய இலைகளுக்கு நடுவில் ஒரு நெல்மணி அளவுக்குப் பச்சை தெரிந்தது.

படம் அனுப்ப அவர் துணியவில்லை. அவர் அனுப்பிய படத்தை இனி யார் நம்புவார்கள்? மறுநாள் ஹவுராவில் காலை வண்டி பிடித்தார். டிக்கெட் பரிசோதகர் தோளைப் பார்த்து, இது உங்களோடு வருகிறதா என்று கேட்டார். நான்தான் இதோடு போகிறேன் என்றார் வைத்தீஸ்வரன். பரிசோதகர் தலையாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

ராகவ்தான் கதவைத் திறந்தான். "வாங்க அத்தான், செருப்ப இங்க விடுங்க, செடிய…" என்றவன், செடி விடக்கூடிய நிலையில் இல்லை என்பதைப் பார்த்து உள்ளே போய்விட்டான். ஜெயப்ரியா வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நெல்மணியைப் பார்த்தாள், விரலால் தொடாமல் பார்த்தாள், வேர் தோளைப் பிடித்திருந்த இடத்தில் பதிந்த தழும்பையும் பார்த்தாள்.

"வண்டில எந்தப் பக்கம் உக்காந்தீங்க?"

"கெழக்கு ஜன்னல். இதுக்கு வெயில் படற பக்கம்."

"ம். இலைக்காக வர்றேன். உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

அது மெய்யா பொய்யா என்று வேருக்குத் தெரிய வழியில்லை. அது அவள் தோளில் இல்லை.

பாலிகஞ்ச் வந்து சேர்ந்த மறுநாள் வைத்தீஸ்வரன் ஏணி போட்டுப் பரணில் ஏறி, செடி உத்தரத்தில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு, சுருதிப் பெட்டியை இறக்கித் துடைத்து அவள் முன்னால் வைத்தார். "பாடறியா?" என்று கேட்டார். கேட்க ஒன்பது வருஷம் ஆன கேள்வி.

"அஞ்சரைக் கட்டை சுருதி எல்லாம் போச்சு."

"மூணு?"

"மூணுக்கு எங்க போறது."

"ரெண்டு."

"ஒண்ணு. அதுவும் உடைஞ்சு உடைஞ்சுதான் வரும்."

"சரி, ஒண்ணு."

ஏல மண்டபத்தில் அவரோடு உட்கார்ந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்: வைத்தீஸ்வரன் எதிராளி சொன்னதற்கே சம்மதித்தது அது ஒரு தடவைதான். அவள் பாடினாள். மரக்கதவு நகர்ந்தது, பிறகு கொஞ்சம் திறந்தது. கீழ்வீட்டு தத்தா பௌதி, யாரோ புது ஆள் பாடுகிறார்களே என்று கேட்டு மேலே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயப்ரியா அவர் தோளுக்குத் தண்ணீர் தெளிப்பாள். மற்ற நாள் கிட்டப் போகமாட்டாள். அவர் தினமும் காலையில் அபிஷேகத் தண்ணீரைக் கையிலும் செடியைத் தோளிலும் சுமந்து இரண்டு மாடி ஏறித் துளசிக்கு ஊற்றினார். குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்றால் இல்லை. அது அவரோடு சேர்ந்து படி ஏறி இறங்கிற்று. ஜனவரியில் இலைக்கு அடியிலிருந்து பூந்தண்டு எழுந்து, அவர் காதைத் தாண்டி வளைந்து, பூத்தது. நான்கு பூ. சங்கத்து ஆண்டு விழாவில் வீரராகவன் இரண்டு பேரையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார், காப்பி மட்டும் கொடுக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் பூக்கள் ஒவ்வொன்றாக வைத்தீஸ்வரன் மடியில் உதிர்ந்தன. கடைசிப் பூ விழுந்த சாயங்காலம், அவர் சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து, தன் நாற்காலியை வாஷிங் மெஷின் இருந்த பின்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். ஜெயப்ரியா சமையலறையிலிருந்து வந்து நாற்காலியின் மறுகையைப் பிடித்தாள். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டு, அதைத் திருப்பி இழுத்து, கூடத்தில் ஜன்னலை ஒட்டி, எதிர்க் கட்டடத்துக்கும் பால்கனித் தூணுக்கும் நடுவே வெளிச்சம் நுழைகிற இடத்தில் போட்டாள். இடது தோள் வெளியே பார்க்கிற மாதிரி அவரை உட்காரவைத்தாள். அவர் இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.