வெறும் சர்க்கரைத் தண்ணி

ஐந்து வருடமாக ஒரே வசனத்தைப் பேசித்தான் பிழைப்பு நடத்துகிறேன்: "வெறும் சர்க்கரைத் தண்ணி, விஷமா என்ன? மடமடன்னு குடிங்க." எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வரும் கர்ப்பிணிகளுக்கெல்லாம் இதுதான் என் வரவேற்பு. குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்போம்; அதற்குள் குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் சோதனை செல்லாது. இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி வாந்தி எடுத்தவர்களை நான் சும்மா அனுப்பியதில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

இப்போது எனக்கே ஆறாம் மாதம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கும் இருந்து, அது தெரியாமல் போனால் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. கூட வேலை பார்ப்பவள், நிமிடம் பிசகாமல் ஊசி குத்துவதால் நாங்கள் 'கடிகாரம்' என்று கூப்பிடுபவள், டம்ளரை நீட்டினாள்.

"அஞ்சு நிமிஷத்துல குடிச்சு முடிக்கணும்க்கா. விஷமா என்ன?"

அடிப்பாவி! பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள் வேடிக்கை பார்த்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அது விஷமில்லைதான். விஷமாவது கொஞ்சம் ருசியாக இருந்திருக்கும்.

நாற்பதாவது நிமிடம் கழிப்பறைக்கு ஓடினேன். குடித்தது அத்தனையும் போய்விட்டது. இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். ரிசல்ட் நார்மல் என்று வந்தாலும் அது பொய் நார்மல். பிள்ளையை விட மானம் பெரிதாகிவிட்டது எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் இருந்த பெண் என் காதருகே குனிந்தாள்.

"நீங்களும் எடுத்துட்டீங்களா? சத்தம் கேட்டுச்சு."

"உஷ்!"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் அப்பவே வந்துடுச்சு. சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு பேசாம உக்காந்திருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வருடம்! எத்தனை பேர் என் வாய்க்குப் பயந்து தங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ! எத்தனை பொய் நார்மலுக்கு நான் சீல் குத்திக் கொடுத்தேனோ!

கடிகாரம் ஊசியோடு வந்தாள். எழுந்து நின்றேன்.

"கடிகாரம், ஊசிய வை. நான் வாந்தி எடுத்துட்டேன். இவங்களுந்தான். எங்க ரெண்டு பேருக்கும் வேற நாள் குடு."

பெஞ்சின் கடைசியில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள் கையைத் தூக்கியவள்.