கூடுகள் எங்கே, ராய்ஸ்?

வீட்டிலேயே தோட்டா கட்டும் முறையைச் சொல்லும் புத்தகங்கள் அனைத்தையும் எழுதியவர்கள் வழக்குக்குப் பயந்த வக்கீல்கள். மொன்டானாவில் இதைக் கண்டுபிடித்த முதல் மனிதர் என் அண்ணன் ராய்ஸ். 'இதற்கு மேல் வெடிமருந்து போடாதே' என்று புத்தகம் சொல்லும் இடத்தில்தான் துப்பாக்கிக்கு உயிரே வருகிறது என்பது அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு. புத்தகம் சொல்லும் குறைந்த ஆரம்ப அளவில் தொடங்கி, சுட்டுச் சுட்டுப் பார்த்து மெல்ல ஏற்றுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர், சர்ச் பாட்டுக்குழு.

இந்த வருடக் குலுக்கலில் எல்க் மான் வேட்டைக்கான அனுமதி அண்ணி நோரீனுக்குத்தான் விழுந்தது. ஆகவே ராய்ஸ் கராஜில் கட்டிய தோட்டாவை, துப்பாக்கியில் கன்னம் வைத்து அண்ணிதான் சுட வேண்டும். சனிக்கிழமை சீசன் தொடக்கம்.

வியாழன் மாலை ராய்ஸ் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான், அவர்கள் வீட்டு மான்கறியையும் பீன்ஸையும் காலி செய்துகொண்டிருந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அண்ணி.

"அருமை. எல்லாம் ஒரே இடத்துல போய் விழுது."

"கூடெல்லாம் எங்க?"

"எந்தக் கூடு?"

சுட்டதும் வெளியே விழும் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பலாம் என்பதற்காகப் பனியில் மண்டியிட்டுப் பொறுக்குகிறவர் ராய்ஸ். பெரியப்பாவின் அடக்கத்தில் ராணுவ மரியாதைக்குச் சுட்ட கூடுகளைக்கூட விடவில்லை.

"புல்லுல விழுந்துருச்சு, நோரீன்."

"எல்லாமுமா?"

"உயரமான புல்லு."

"அங்க மாடு மேஞ்சு மொட்டையாகி ஒரு மாசம் ஆச்சு."

ராய்ஸ் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டார். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் நெற்றி வியர்த்தது.

"கோட்டைக் கழட்டேன்."

"குளிருது."

"தம்பி, உங்கண்ணனுக்குக் குளிருதாம். அந்தக் கோட்டை வாங்கி அடுப்புகிட்ட மாட்டு, சூடாகட்டும்."

வாங்கினேன். கிலுகிலுத்தது. அண்ணி கோட்டுப் பையை மேஜைமேல் கவிழ்த்து, ஒவ்வொரு கூடாகத் திருப்பினார். மருந்தைப் பற்றவைக்க அடியில் பதித்திருக்கும் சின்ன மூடியான பிரைமரின் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். இவை, மருந்து அதிகமானால் ஆவதுபோல், நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன.

"கூட்டை வெளிய எடுக்க, துப்பாக்கி போல்ட் சுலபமா திறந்துச்சா?"

"குளிர்ல கொஞ்சம் இறுகும்."

"எதால திறந்த?"

"கையாலதான்."

"கையில என்ன இருந்துச்சு?"

"ரப்பர் சுத்தியல்."

பிறகு ராய்ஸ், பித்தளை மட்டம் என்றார். பிரைமர் கம்பெனியே மோசம் என்றார். கடைசியில் சந்தேகம் மேஜையைச் சுற்றி வந்து என்மேல் உட்கார்ந்தது.

"போன வாரம் கராஜுக்குப் போனியே, மருந்து டப்பாவைத் தொட்டியா?"

"பியர் எடுக்கப் போனேண்ணா."

"அவனை விடு," என்றார் அண்ணி. "அந்த போல்ட் தெறிச்சா, அதுக்குப் பின்னாடி இருக்கப் போறது என் கண்ணு. வக்கீலோட கண்ணு இல்ல. நான் கடைத் தோட்டா வாங்கிக்கிறேன்."

எங்கள் ஊரில் கணவனிடம் இப்படிச் சொல்வது விவாகரத்துக்கு முந்தைய கட்டம். ராய்ஸ் எழுந்து போனார்.

சற்று நேரத்தில் கராஜிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிய தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்து, மருந்தைத் தனியே கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வக்கீல்களின் புத்தகம் விரிந்திருந்தது. பிரித்து முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆரம்ப அளவு போட்டிருந்த வரியில் விரலை வைத்தபடி தராசில் மருந்தைத் துளித்துளியாக விட்டார்.

நான் நிற்பது தெரிந்தும் தலையைத் திருப்பவில்லை.

"கதவைச் சாத்துடா. காத்துல தராசு ஆடுது."