தொடையில் சிவப்புக் கோடு

கறிக்கடையின் பின்கட்டில் 'தடால்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, "ஐயோ, என் கை!"

கல்லாவில் இருந்த கடைக்காரம்மா போட்டது போட்டபடி ஓடினாள். அவள் வீட்டுக்காரர் ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தார். விடியற்காலை வேலை முடிந்து தரையைக் கழுவிவிட்டு, கழுவிய தரையிலேயே வழுக்கி விழுந்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியது.

"கத்தி கித்தி பட்டுதாங்க?"

"கத்தி படல. கௌரவத்துக்குத்தான் அடி."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமாவா விழணும்?"

"திங்கக்கிழமை விழலாம்னுதான் இருந்தேன். தரை ஒத்துக்கல."

ஈரத் துணியைச் சுற்றி அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கொக்கிகளில் ஆடுகள் உரித்துத் துடைத்துச் சுத்தமாகத் தொங்கின. கடைசிக் கொக்கியில் மட்டும் ஒன்று தோல் உரிக்காமல் தொங்கியது. கடைக்காரம்மா சேலையை இழுத்துச் செருகி, அவருடைய ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டாள். கல்லாவுக்குப் போவதற்கு முன்னால் அவளும் இந்த வேலை செய்தவள்தான்.

"அத விடு. அப்புறமா நான் பாத்துக்கறேன்" என்றார் அவர் அவசரமாக.

"எந்தக் கையால?"

"இல்ல... வாசல்ல ஆளு நிப்பாங்க. நீ போய் யாவாரத்தப் பாரு."

"தோல உரிக்காம என்னத்த யாவாரம் பண்றது?"

பின்காலில் கீறி, கையை உள்ளே கொடுத்துத் தோலைக் கீழே இழுத்தாள். தொடை வெளியே வந்தது. வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. வெளிர்ச் சிவப்புச் சதையின் குறுக்கே, விரல் கனத்தில், ரத்தம் கட்டிய கோடுகள். ஒன்றல்ல, மூன்று.

திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்றைக்குத்தான் புதிதாகக் கூரை போட்டதுபோல.

"என்னங்க இது?"

"எது?"

"அடிபட்டது கைதானே? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

அவர் பெருமூச்சு விட்டார். "அப்பப்ப இருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மீதியத்தான் முன்னாடி அனுப்புவேன். உனக்கு எதுக்கு மனக்கஷ்டம்னு சொல்லல."

"எத்தன நாளா?"

"உன் தம்பி வண்டி ஓட்ட வந்ததுலேர்ந்து."

இந்தத் தெருவில் மட்டும் எத்தனையோ கறிக்கடைகள். கடைக்காரம்மாவின் கடையைத் தேடி ஆள் வருவதற்கு ஒரே காரணம் வாசலில் மாட்டியிருக்கும் பலகை: 'மேய்ந்து வளர்ந்த ஆடு. அடிபடாமல் வந்த ஆடு. பதறாமல் போன ஆடு.' முதல் வரிக்குப் பண்ணைக்காரர் பொறுப்பு. மூன்றாவது வரிக்கு இவள் வீட்டுக்காரர். ஆடுகள் முதல்நாளே வந்து, தண்ணீர் குடித்து, இரவெல்லாம் படுத்து ஓய்வெடுக்கும். ஒன்று போவதை இன்னொன்று பார்க்காதபடி நடுவே சுவர் வைத்திருந்தார். கத்தியைத் தினமும் தீட்டுவார். "மூணாவது வரிக்கு ஆடே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஜனம் முழுசா நம்பும்" என்று கிண்டல் பண்ணுவாரே தவிர, அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

நடு வரி, பண்ணையிலிருந்து ஆடுகளை வண்டியில் ஏற்றி வரும் தம்பியுடையது.

ஆனாலும் கூடப்பிறந்தவன் ஆயிற்றே. முதலில் அவள் கோபம் பண்ணைக்காரர் மேல்தான் பாய்ந்தது. போனைப் போட்டுப் பொரிந்து தள்ளினாள். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"ஏம்மா, கோடு என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்ப என் தலையில கட்டாத. பழைய அடின்னா மஞ்சளா பச்சையா மாறியிருக்கும். சிவப்புன்னா நேத்துப் பட்டது. நேத்து ஏத்தும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஒவ்வொண்ணாப் பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஏத்தினேன்."

"பேரு வச்சுட்டா விக்கிறீங்க?"

"பேரு வைக்கலன்னா எது நோவுல கெடக்குது, எது நல்லா மேயுதுன்னு எப்படிம்மா தெரியும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. வண்டியில இடிச்சுக்கிட்டா விலாவுல படும், தோள்ல படும். தொடையில கோடு கோடான்னா... நான் சொல்லல. நீயே உன் டிரைவரக் கேளு."

போனை வைத்தபோது வாசலில் வாடிக்கையாக வரும் டீச்சர் நின்றிருந்தார். பல வருஷமாகக் கறியை விட்டிருந்தவர். சாலையில் ஆடுகளைத் திணித்துக்கொண்டு போகும் லாரியைப் பார்த்ததிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லையாம். இந்தக் கடைக்கு வந்து, பண்ணை எங்கே, ஆடு எப்படி வருகிறது, எப்படி வெட்டுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"வழக்கம்போல தொடைக்கறிதாம்மா."

கொக்கியில் சுத்தமான தொடைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை இறக்கி வெட்டிக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கடைக்காரம்மா கத்தியை எடுத்தாள். அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், ஒரு ஆட்டுல அடிபட்ட காயம் இருக்கு. எப்படிப் பட்டதுன்னு தெரியல. தெரிஞ்சுக்காம உங்களுக்குக் கொடுக்க மனசு வரல."

"ஒரு ஆட்டுல மட்டுமா?"

"...முன்னாடியும் இருந்திருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

டீச்சர் பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் போடுவேன்னு நினைக்காதீங்க. ஆனா இவ்வளவு நாள் நான் சாப்பிட்டது?"

டீச்சர் காலிப் பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "தெரிஞ்சதும் சொல்லுங்க, வரேன்" என்று இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கடையைப் பாதியிலேயே மூடினாள்.

மதியம் வண்டிச் சாவிக்காகத் தம்பி வந்தான். அவனுக்கு 'ராக்கெட்' என்று பேர். அவனே வைத்துக்கொண்டு, அவனே பரப்பிய பேர். எங்கே வேலைக்குப் போனாலும் வேகத்தால் சேர்ந்து, வேகத்தாலேயே வெளியே வந்தவன். இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிறது. "இந்த வேலையாவது நிலைக்கட்டும் அண்ணி" என்று அவன் மனைவி கையைப் பிடித்துக்கொண்டதால்தான் கடைக்காரம்மா அவனிடம் வண்டியைக் கொடுத்தாள்.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு? மாமா கைக்குத் துக்கமா?"

அவள் அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தொடையைக் காட்டினாள்.

"இது எப்படிடா வந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்? பாலத்துக்கிட்ட ரோடு படுமோசம். குலுக்கல்ல பட்டிருக்கும்."

"கம்பு எடுத்தியா?"

"யாரு, நானா? சத்தியமா இல்ல. நான் அப்படிப்பட்டவனா?"

"உன்ன ஒரு அடி அடிச்சு வளத்ததில்லடா நான். யார்கிட்டயும் நீ அடி வாங்கவும் விட்டதில்ல. உண்மையச் சொல்லு."

"அதான் சொல்றனே, குலுக்கல்னு! மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"எங்கிட்ட நீ குலுக்கல்னுதான் சொன்ன. நானும் நம்பிட்டேன்" என்றார் மாமா. "எறக்குறப்ப நான் கடைக்குள்ள வெட்டிக்கிட்டு நிப்பேன். பாத்தவன் யாரு?"

ஆடுகளை இறக்கும்போது பின்முற்றத்தில் அவனைத் தவிர வேறு ஆள் இருப்பதில்லை. கடைக்காரம்மா அதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். குலுக்கல் என்றால் திருத்திவிடலாம். மெதுவாக ஓட்டு, வைக்கோலை இன்னும் கனமாகப் பரப்பு, கூட்டம் குறை என்று சொல்லிப் பார்க்கலாம். கம்பு என்றால் சாவியை வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கினால் தம்பி வீட்டோடு போக்குவரத்து அறுந்துபோகும். வாங்காவிட்டால் பலகையை இறக்கிவிட்டு, பத்தோடு பதினொன்றாகக் கடை நடத்தவேண்டும். குலுக்கலாகவே இருக்கட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது.

"சரி, குலுக்கல்தானே? கெளம்பு, பண்ணைக்குப் போவோம்."

போகும்போது அவன்தான் ஓட்டினான், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எதிரே எருமை வந்தால்கூட ஒதுங்கி நின்று வணக்கம் வைக்காத குறை. சைக்கிள்காரர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார்.

"ராக்கெட்டுல எண்ணெய் இல்லையாடா?"

"நான் எப்பவும் இப்படித்தாங்க்கா ஓட்டுவேன்."

பண்ணையில் ஆடுகளை ஏற்றவேண்டாம் என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"நீ ஏறு. நான் ஓட்டுறேன்."

"விளையாடுறியா?"

"எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது நீதானே? நீ ஓட்டுற மாதிரியே ஓட்டுறேன். குலுக்கல்ல தொடையில கோடு விழுதான்னு பாத்துடுவோம்."

பண்ணைக்காரர் வாயில் துண்டை வைத்துச் சிரிப்பை அடக்கினார். "தம்பி, நான் வேணா பேரு சொல்லிக் கூப்பிடட்டுமா? ஏறுறதுக்குச் சுலுவா இருக்கும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது தம்பிக்கு. ஒரே தாவில் ஏறினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். மேலே தார்ப்பாய், உள்ளே இருட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது.

அவன் சொல்லிக்கொடுத்த பாடங்கள் கடைக்காரம்மாவுக்கு மனப்பாடம். வளைவில் வேகத்தைக் குறைக்காதே. பிரேக்கைக் கடைசி நிமிஷத்தில் மிதி. பள்ளத்துக்குப் பயந்தால் பள்ளம் பெரிசாகும். எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். பின்னாலிருந்து முதலில் "அக்கா!" என்று கேட்டது. பாலத்தருகே கெட்ட வார்த்தை கேட்டது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை, ஒவ்வொரு வளைவிலும் ஏதோ உருண்டு போய் மோதும் சத்தத்தைத் தவிர.

ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தபோது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கம்பு உருண்டு வந்து அவள் குதிகாலில் இடித்தது. டயரைத் தட்டிப் பார்க்க எல்லா டிரைவரும் வைத்திருப்பதுதான். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

கடையின் பின்முற்றத்தில் வண்டி நின்றது. இவ்வளவு குலுக்கலில் இவனுக்கு எங்கெங்கே அடிபட்டிருக்கிறதோ என்ற கவலையோடு இறங்கினாள். அடிபட்டிருந்தால் ஒரு வகையில் நல்லதுதான். அவன் சொன்னது உண்மை என்றாகும்.

"டேய், வந்தாச்சு. எறங்கு."

பதில் இல்லை. கதவைத் திறக்கப் போனால் தாழ்ப்பாள் ஆடி ஆடி இறுகிப்போயிருந்தது. கையால் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. சீட்டடியில் கிடந்த கம்பை எடுத்து வந்து, ஓங்கித் தாழ்ப்பாளில் நாலு போடு போட்டாள். வண்டி மொத்தமும் அதிர்ந்தது. தாழ்ப்பாள் விடுபட்டுக் கதவு படாரென்று கீழே சாய்ந்தது. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

தம்பி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடியெல்லாம் வைக்கோல். வெளிச்சத்தில் கூசிய கண்ணால் அவளைப் பார்த்தான், அவள் கையில் உயர்ந்து நின்ற கம்பைப் பார்த்தான். சட்டென்று இரண்டு கையாலும் தொடையை மூடிக்கொண்டு கத்தினான்:

"அடிக்காதக்கா, அடிக்காத! கால் மரத்துப்போச்சு, அதான் எழுந்திரிக்க முடியல... எறங்குறேன்!"