வீட்டுக்குள் குடை

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். வாடகை வீடுகளைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் அம்மா உள்ளே போனபோது, வயதான தையல்காரர் கட்டிலில் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரெல்லாம் பூஞ்சை கறுத்துக் கிடந்தது.

"கூரை ஒழுகுதா ஐயா?"

"சேச்சே! ஒரு பொட்டு கூட இல்லம்மா. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குறை சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஆய்வாளருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "புகார் சொன்னதுக்காக உங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது. சட்டம் உங்க பக்கம்."

அதற்குள் தகவல் தெரிந்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "குடியிருக்கிறவரே வாயைத் திறக்கல, உங்களுக்கென்ன மேடம்?" என்று எகிறினார். அவருடைய வழுக்கை மண்டையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. பேச்சை நிறுத்தாமலே மனிதர் நைசாக நகர்ந்து தையல்காரரின் குடைக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாகக் குடையை மடக்கினார்.

"ஒழுகுதும்மா. எழுதிக்குங்க. மூலைக்கு மூலை ஒழுகுது."

அடுத்த மழைக்குள் கூரை மாறியது, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். தையல்காரரின் இருமலும் தணிந்தது. வீட்டுக்காரருக்குத்தான் ஜலதோஷம் விடுவேனா என்றது.