மண் பார்த்துக்கொள்ளும்

அக்கா புருஷனின் பெட்ரோல் பங்கில் பூமிக்குள் புதைத்த தொட்டி ஒழுகி, பின் தெருத் தையல்காரம்மாவின் கிணற்றில் பெட்ரோல் வாடை அடித்தது. நிலத்தடி நீரை ஆராய்வது தங்கையின் வேலை. ஆய்வுக்கூடத்தில் வேறு ஆளில்லாததால் அவளையே அனுப்பினார்கள். கசிவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கப் பங்கைச் சுற்றிச் சோதனைக் குழாய்களை இறக்கினாள்.

"மண்ணுல இருக்கிற கிருமிங்களே பெட்ரோலைத் தின்னுடும், அத்தான். ஆனா பல வருஷம் ஆகும். உள்ளே காத்தடிச்சு விட்டா சீக்கிரம் முடியும்."

முதல் வாக்கியத்தோடு அத்தானின் காது அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. "மண்ணே பார்த்துக்கும். எங்க வீட்டு விஞ்ஞானியே சொல்லியாச்சு!" சாப்பிடுமுன் கை கழுவச் சொன்னால் முறைக்கிற மனிதர், கிருமிகளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு திரிந்தார்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பார்வையிட வந்த காலையில் மடிப்புக் கலையாத சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். தொட்டியை ஒட்டிய சோதனைக் குழாயிலிருந்து எடுத்த தண்ணீர் கண்ணாடியாய் இருந்தது. வாடையே இல்லை.

"பார்த்தீங்களா சார்? கிருமி துடைச்சு வெச்சிடுச்சு!"

தங்கை மீட்டரை முக்கினாள். தண்ணீரில் ஆக்சிஜன் ஏகத்துக்கும் இருந்தது. பெட்ரோலைத் தின்கிற கிருமிகள் முதலில் ஆக்சிஜனைத்தான் காலி பண்ணும். போன மாதம் துளிகூட இல்லாதது இன்று எப்படி வந்தது? குழாயைச் சுற்றி மண் சொதசொதவென்றிருந்தது. கார் கழுவும் ஹோஸ் பக்கத்திலேயே கிடந்தது. குழாய்க்குள் நல்ல தண்ணீரை விட்டவருக்கு அதைச் சுருட்டி வைக்கக்கூடத் துப்பில்லை.

குழாய்க்குள் பம்பை இறக்கி ஓடவிட்டாள். வாளி வாளியாக நல்ல தண்ணீர் வந்தது. பிறகு குப்பென்று வாடை. அதிகாரி மூக்கைப் பொத்தினார்.

"ஏமாத்துறதையாவது ஒழுங்கா செய்யக் கூடாதா, அத்தான்?"

"சொந்தக்காரன்னுகூடப் பார்க்கலையே நீ!"

"அந்தத் தையல்காரம்மா வீட்டுலயும் குடும்பம்தான் இருக்கு."

தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். மண்ணுக்குள் காற்றடிக்கும் இயந்திரம் வந்தது. அக்கா வெகுநாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு போனில் கேட்டாள்: "நாலு பேர் முன்னால அவரை அசிங்கப்படுத்தணுமா?"

"நான் பம்பைத்தான்க்கா போட்டேன்."

இப்போது பங்கு வாசலில் 'இயற்கையைக் காப்போம்' என்று ஆளுயரப் பலகை. அதில் செடி நடும் அத்தான், பல்லெல்லாம் தெரிய. கிணறு தெளிய இன்னும் சில வருஷம் பிடிக்கும். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் தங்கை அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. பெட்ரோல் வாடையே தேவலாம் என்றிருக்கும் அவளுக்கு.