மீன்களுக்கு ஆகாத மீசை

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் குள்ள சிக்லிட் மீன் ஜோடியை வாங்கியபோது கடைக்காரர் அடித்துச் சொன்னார்: "சண்டையே தெரியாத ஜோடி சார். கண்ணை மூடிட்டுக் கொண்டு போங்க."

ஆண் விரல் நீளம். நீலமும் சிவப்புமாக, வால் விசிறி மாதிரி. பெண் அதில் பாதிகூட இல்லை. கூடத்தில் தொட்டியை வைத்து, உள்ளே ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டார். பத்து நாள் ஒழுங்காகத்தான் போயிற்று.

பதினோராம் நாள் பெண் மீன் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிட்டது. சட்டிக்குள்ளிருந்து பாய்ந்து வந்து ஆணின் வாலைக் கடிக்கும், திரும்பிப் போகும், ஏதோ சொல்ல மறந்துவிட்டது போல மறுபடி வந்து கடிக்கும். சாயங்காலத்துக்குள் விசிறி நார் நாராகிவிட்டது. ஆண் தொட்டிக்குள்ளிருந்த ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. மெக்கானிக் தொட்டியின் முன் மண்டியிட்டார்.

"என்ன அநியாயம் இது! அவன் பாட்டுக்குத்தானே இருந்தான்?"

"அவ பக்கம் என்ன நியாயமோ? அதைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி. வரி அலுவலகத்தில் மேல்முறையீட்டு மனுக்களைப் பார்க்கிறவள். இரண்டு தரப்பையும் விசாரிக்காமல் கோப்பை மூடமாட்டாள். டார்ச் அடித்துச் சட்டிக்குள் பார்த்தாள். உள்ளே மேல்புறத்தில் கடுகு கடுகாகச் சிவப்பு முட்டைகள்.

மெக்கானிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"முட்டை போட்டா அப்படித்தான் சார். யாரையாவது விரட்டியே ஆகணும் அதுக்கு. பொதுவா ஒரு எதிரி கிடைச்சா புருஷனை விட்டுடும். ரெண்டும் ஒத்துமையா சேர்ந்து விரட்டும்."

"எதிரிக்கு நான் எங்க போறது?"

"வேற மீனு ரெண்டு விடலாம். ஆனா அடுத்த மாசம்தான் சரக்கு வருது."

அன்றைக்குப் பார்த்து மனைவியின் தம்பி வந்தான். காப்பீடு விற்பவன், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட அடர்த்தியான மீசை. "புது மீனா?" என்று குனிந்தான். அடுத்த நொடி ஆணும் பெண்ணும் தோளோடு தோள் சேர்ந்து, செவுளை விரித்துக்கொண்டு வந்து, டொக்கென்று கண்ணாடியில் மோதின. அவன் இடப்பக்கம் நகர்ந்தான், இரண்டும் இடப்பக்கம். வலப்பக்கம், வலப்பக்கம். அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் பெண் திரும்பி ஆணைக் கடித்தது.

"மாப்ளே," என்றார் மெக்கானிக், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை குனி."

அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அவன் வந்து ஒரு மணி நேரம் தொட்டியின் முன் உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஒரு மணி நேரக் கோபம் மறுநாள்வரை தாங்கியது.

"நான் என்ன மாமா பண்ணேன் அதுங்களுக்கு? உங்க மூஞ்சியைப் பார்த்தா சும்மாதானே இருக்குதுங்க?"

"மனசுல வச்சுக்காதே மாப்ளே. எல்லாருக்கும் இப்படி அமையாது."

நாலு வருஷமாக மழை, வெயிலைத் தவிர வேறெதுவும் பேசாத இருவரும் இப்போது தேநீரோடு உலக விஷயமெல்லாம் பேசினார்கள். முட்டைகள் பொரிந்தன. தம்பிக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது; பாலிசி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, மீசையில்லாமல் வந்து நின்றான்.

"கட்டிக்கப்போற பொண்ணு சொல்லிச்சு மாமா, எடுத்தா நல்லா இருக்கும்னு."

பெண் மீன் அந்த மொழுமொழு முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பிப் போய் ஆணை ஒரு கடி கடித்தது.

"அவசரப்பட்டுட்டியேடா!"

"எனக்குக் கல்யாணம் ஆக வேணாமா மாமா?"

"தாராளமா ஆகட்டும். மீசை வளர்ற வரைக்கும் அவன் உயிரோட இருக்கணுமே!"

மனைவி உள்ளே போய்ப் புருவம் தீட்டும் பென்சிலோடு வந்தாள். தம்பியின் தாடையைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். இடது பக்கம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அவன் குனிந்தான். டொக்! மெக்கானிக் கைதட்டிக் குதித்தார்.

அப்போது வாசல்மணி அடித்தது. வந்தவள் அவன் கட்டிக்கப்போகிற அதே பெண்தான். செருப்பு வாங்க அவனைக் கூட்டிப்போக வந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். அவன் உதட்டுக்கு மேலே இருந்ததை உற்றுப் பார்த்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தம்பி தரையைப் பார்த்தான். கல்யாணம் போச்சு என்றே மெக்கானிக் நினைத்துவிட்டார். அவளோ கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, வட்டக் கண்ணாடி போட்ட முகத்தைத் தொட்டிக்கு அருகே கொண்டுபோனாள். இரண்டும் வந்த வேகத்தில் பெண் மீன் மோதிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஐயோ! உங்களைவிட என்னைத்தான் அதுங்களுக்கு ஆகல!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குப் பிறகு இருவரும் முறை வைத்து வந்தார்கள். மூன்றாவது வாரம் பெண் மீன் நாற்பது குஞ்சுகளோடு தொட்டியைச் சுற்றி வந்தது. கடைசியில், ஒரு சாண் தள்ளி, ஆணையும் வர அனுமதித்தது. கல்யாணம் முடிந்தது. வளர்ந்த குஞ்சுகளில் நாலைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒரு வாரத்தில் போன் வந்தது.

"மாமா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மூஞ்சியைக் காட்டிட்டோம். ஒண்ணுகூட மோதல. சாப்பாடுன்னு நினைச்சு வாயைத் திறந்துட்டு வருதுங்க."

"நல்லதுதானே மாப்ளே?"

"நல்லதுதான்." குரலில் சுரத்தே இல்லை. பக்கத்தில் அவள் ஏதோ கிசுகிசுத்தாள். "மாமா, சாயங்காலம் நாங்க அங்க வரட்டுமா? சும்மா, ஒரு பத்து நிமிஷம்."